மணல் ஈ யாருடைய இரத்தத்தைக் குடித்தது?

உங்கள் ஜாமெட்ரி பெட்டியில் இருக்கும் அளவுகோலை எடுத்து, மூன்று மில்லிமீட்டர் எவ்வளவு என்று பாருங்கள். மணல் ஈயின் நீளம் அவ்வளவுதான். பல மணல் ஈக்கள் அதைவிடவும் சிறியவை. வெளிர் பழுப்பு நிறம், உடம்பு முழுக்க மெல்லிய மயிர். சுவரில் உட்காரும்போது கொசு தன் இறக்கைகளை முதுகின்மேல் படிய மடக்கிக்கொள்ளும். மணல் ஈயோ இரண்டு இறக்கைகளையும் விரித்து மேலே தூக்கி நிறுத்திக்கொள்ளும். பறக்கவும் அதற்கு அவ்வளவாக வராது. சுவரில் தத்தித் தத்தி ஏறும். கொஞ்சம் காற்று அடித்தாலே பறப்பதை நிறுத்திவிட்டு ஒதுங்கிவிடும். கொசு வந்தால் காதருகே ரீங்காரம் கேட்குமே, அதுவும் இதனிடம் கிடையாது. ராத்திரி சத்தமில்லாமல் வந்து கடித்துவிட்டுப் போய்விடும்.

இந்தச் சின்னப் பூச்சி ஸ்பெயின் நாட்டில் ஒரு நகரத்தையே கலங்க வைத்தது. அதற்குக் காரணம் யார் என்று விஞ்ஞானிகள் கண்டுபிடித்த விதம் எனக்கு மிகவும் பிடித்த துப்பறியும் கதை. கதை என்று சொன்னாலும் எல்லாமே உண்மையில் நடந்தது.

ஸ்பெயினின் தலைநகரம் மாட்ரிட். அதன் மையத்திலிருந்து தென்மேற்கே சுமார் 20 கிலோமீட்டரில் ஃபுவென்லாப்ராதா என்ற ஊர் இருக்கிறது. ஊர் என்றால் சிற்றூர் இல்லை; ஏறத்தாழ 2 லட்சம் பேர் வாழும் நகரம். அடுக்குமாடி வீடுகள், ரயில் பாதை, பெரிய சாலைகள் எல்லாம் உண்டு. 2009இல் அங்குள்ள மருத்துவர்களிடம் ஒரே மாதிரியான நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். சிலருக்குத் தோலில் புண். அது வாரக்கணக்கில் ஆறவே இல்லை. வேறு சிலருக்கு விட்டுவிட்டு வரும் காய்ச்சல், உடல் மெலிவு, இரத்தச் சோகை. வயிற்றின் இடது பக்கம் விலாவுக்கு அடியில் இருக்கும் மண்ணீரல் வீங்கியிருந்தது.

சோதனை செய்து பார்த்தபோது இரண்டு வகை நோயாளிகளின் உடலிலும் ஒரே கிருமிதான் இருந்தது. லீஷ்மேனியா என்ற ஒட்டுண்ணி அது. தோலோடு நின்றுவிட்டால் புண். உள்ளே போய் மண்ணீரல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை வரை பரவினால் உயிருக்கே ஆபத்து. சிகிச்சை கிடைக்காவிட்டால் இந்த இரண்டாம் வகை பெரும்பாலும் கொன்றுவிடும். மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள நாடுகளுக்கு இந்த நோய் புதிது அல்ல. ஆனால் ஆண்டுக்குச் சிலருக்கு மட்டுமே வந்துகொண்டிருந்த நோய், 2012 முடிவதற்குள் அந்த ஒரு பகுதியில் மட்டும் 446 பேருக்கு வந்துவிட்டது. ஐரோப்பாவில் அதுவரை இப்படி நடந்ததில்லை.

சந்தேகம் முதலில் நாய்களின் மேல்தான் விழுந்தது. அதில் நியாயமும் உண்டு. அந்த நாடுகளில் இந்த ஒட்டுண்ணி வழக்கமாக நாயின் உடலில் தங்கியிருக்கும். நாயைக் கடித்த ஈ மனிதரைக் கடித்தால் மனிதருக்கு நோய் வரும். ஆகவே அந்த ஊர் நாய்களின் இரத்தத்தைச் சோதித்தார்கள். நோய் உள்ள நாய்கள் மிகக் குறைவாகவே இருந்தன. இத்தனை மனிதர்களுக்கு நோய் வந்ததற்கு அந்த நாய்கள் போதவே போதாது.

அப்படியானால் ஒட்டுண்ணி எங்கிருந்து வருகிறது? விடை தேடுவதற்கு முன்னால் இந்த ஒட்டுண்ணி ஈயின் உடலுக்குள் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்வோம். அது தெரிந்தால்தான் விஞ்ஞானிகள் அடுத்துச் செய்தது புரியும்.

மணல் ஈக்களில் ஆண், பெண் இரண்டுக்கும் அன்றாட உணவு செடிகளின் இனிப்புச் சாறுதான். முட்டை வளர வேண்டுமானால் பெண் ஈக்கு மட்டும் இரத்தம் தேவை. கொசுவைப் போல நீண்ட ஊசி அதற்கு இல்லை. வாயில் இருப்பவை குட்டையான, பல் பல்லான வெட்டுக்கத்திகள். அவற்றால் தோலைக் கீறி, ஊறித் தேங்கும் துளி இரத்தத்தை உறிஞ்சும். வாய் அவ்வளவு குட்டையாக இருப்பதால் துணியைத் தாண்டிக் கடிக்க அதனால் முடியாது. முகம், கழுத்து, கை, கால் என்று மூடாமல் இருக்கும் இடங்களில்தான் கடி விழும்.

நோயுள்ள ஓர் உயிரின் இரத்தத்தோடு லீஷ்மேனியா ஈயின் குடலுக்குள் போகிறது. அதற்கு முன்பு அது உருண்டையாக, ஒரு மில்லிமீட்டரில் சில நூறில் ஒரு பங்கு அளவில், நம் உடலைக் காக்க வேண்டிய வெள்ளணுக்களுக்கு உள்ளேயே பதுங்கியிருந்தது. கிருமிகளை விழுங்கிச் செரிக்கும் வேலையைச் செய்யும் அணு அது. அந்த அணுவின் வயிற்றுக்குள்ளேயே செரிக்காமல் உட்கார்ந்து பெருகுகிறது இந்த ஒட்டுண்ணி. ஈயின் குடலுக்கு வந்ததும் உருவம் மாறுகிறது. உடல் நீள்கிறது, முன்னால் ஒரு கசையிழை முளைக்கிறது, நீந்தத் தொடங்குகிறது. சுமார் ஒரு வாரத்தில் பெருகிப் பெருகி, கூழ் போன்ற ஒரு பொருளைச் சுரந்து ஈயின் தொண்டைப் பகுதியையே அடைத்துவிடுகிறது. இளநீர் குடிக்கும்போது உறிஞ்சுகுழலில் வழுக்கை அடைத்துக்கொண்டால் என்ன செய்வீர்கள்? ஒரு முறை வெளியே ஊதிவிட்டுத்தானே மறுபடி உறிஞ்சுவீர்கள். ஈயும் அதைத்தான் செய்கிறது. அடுத்து யாரைக் கடிக்கிறதோ அவர் தோலுக்குள் கூழையும் ஒட்டுண்ணிகளையும் முதலில் கக்குகிறது. அடைப்பால் ஒரே கடியில் வயிறு நிறையாது. எனவே திரும்பத் திரும்பக் கடிக்கிறது. தான் அடுத்த உடலுக்குப் போய்ச் சேர ஒட்டுண்ணி செய்துவைத்திருக்கும் ஏற்பாட்டைப் பாருங்கள்!

இது ஈயால்தான் பரவுகிறது என்று நிரூபிக்க எத்தனை ஆண்டு ஆயிற்று தெரியுமா? ஏறத்தாழ 40 ஆண்டுகள். அந்தத் தேடலின் தொடக்கத்தில் நம் சென்னையும் இருக்கிறது. காலா அசார் என்ற கொடிய காய்ச்சல் அப்போது இந்தியாவில் பல்லாயிரம் பேரைக் கொன்றுகொண்டிருந்தது. இந்தியாவிலிருந்து திரும்பி இறந்துபோன ஒரு சிப்பாயின் மண்ணீரலில் விசித்திரமான சிறு உருண்டைகளைக் கண்டதாக வில்லியம் லீஷ்மன் என்ற பிரிட்டிஷ் இராணுவ மருத்துவர் 1903இல் எழுதினார். அதே ஆண்டில் சென்னை அரசு பொது மருத்துவமனையில் சார்லஸ் டோனவன் என்ற மருத்துவர், நோயாளிகளின் மண்ணீரலில் அதே உருண்டைகளைப் பார்த்தார். டோனவன் பார்த்தது உயிரோடிருந்த நோயாளியின் உடலில் என்பதால், அவை பிணம் கெடும்போது தோன்றியவையாக இருக்குமோ என்ற சந்தேகம் தீர்ந்தது. மலேரியா ஆராய்ச்சியால் புகழ்பெற்ற ரொனால்ட் ராஸ், இருவர் பெயரையும் சேர்த்து அந்த ஒட்டுண்ணிக்கு லீஷ்மேனியா டோனவானி என்று பெயரிட்டார். காலா அசாரைத் தரும் இனத்துக்கு இன்றுவரை அதுதான் பெயர். ஸ்பெயினில் கண்டது அதன் நெருங்கிய உறவான லீஷ்மேனியா இன்ஃபேன்டம்.

கிருமி கிடைத்துவிட்டது. பரப்புவது யார்? மூட்டைப்பூச்சி உட்படப் பல பூச்சிகளைச் சந்தேகித்தார்கள். காலா அசார் இருக்கும் மாவட்டங்களையும், ஒரு வகை மணல் ஈ இருக்கும் மாவட்டங்களையும் வரைபடத்தில் ஒப்பிட்டுப் பார்த்தார் ஜான் சின்டன். இரண்டும் பொருந்தின. 1924இல் கல்கத்தாவில் அந்த ஈயின் குடலில் ஒட்டுண்ணி வளர்வதையும் பார்த்துவிட்டார்கள். ஆனால் ஈ கடித்து ஒரு மனிதருக்கு நோய் வந்ததாகக் காட்ட முடியவில்லை. ஆய்வகத்தில் ஈக்கள் இரண்டாவது முறை கடிப்பதற்குள் செத்துப்போயின. செத்தவற்றின் குடலிலும் ஒட்டுண்ணி போதுமான அளவு பெருகியிருக்கவில்லை. பிறகு ஒரு முறை, இரத்தம் குடித்த ஈக்களுக்கு மறுபடி இரத்தம் தராமல் உலர் திராட்சை கொடுத்துப் பார்த்தார்கள். ஈக்கள் நெடுநாள் வாழ்ந்தன; குடலும் ஒட்டுண்ணியால் நிரம்பி அடைத்துக்கொண்டது! செடிச்சாறு குடிக்கும் பூச்சிக்கு இனிப்புக் கொடுக்க வேண்டும் என்பது இவ்வளவு நாள் யாருக்கும் தோன்றவில்லை. அப்படி வளர்த்த ஈக்களைக் கொண்டு, அசாமில் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் ஆகிய மூவரும் தாமாக முன்வந்த தொண்டர்களைக் கடிக்க விட்டார்கள். தொண்டர்களுக்கு நோய் வந்தது. 1942இல் அந்த முடிவு வெளியாயிற்று. உபேந்திரநாத் பிரம்மச்சாரி 1920களின் தொடக்கத்தில் கண்டுபிடித்த யூரியா ஸ்டிபமைன் என்ற மருந்து அப்போதே கையில் இருந்தது. என்றாலும் தம் உடலைத் தந்த அந்தத் தொண்டர்களின் துணிவை நாம் மறக்கக் கூடாது.

இனி ஃபுவென்லாப்ராதாவுக்குத் திரும்புவோம். நாய் இல்லை என்றால் வேறு எந்த விலங்கு? ஊரில் இருக்கும் ஒவ்வொரு விலங்காகப் பிடித்துச் சோதிப்பதைவிட நல்ல வழி ஒன்று இருந்தது. ஈயிடமே கேட்டுவிடுவது.

ஈயைப் பிடிக்க வேண்டுமே! அதற்குப் பயன்படும் பொறிகளில் ஒன்று நம் வீட்டிலேயே செய்யக்கூடியது. ஒரு காகிதத்தில் ஆமணக்கெண்ணெய் தடவி, சுவர் ஓட்டைக்கருகில் ஓர் இரவு வைத்துவிட வேண்டும். அந்தப் பக்கம் தத்தும் மணல் ஈக்கள் ஒட்டிக்கொள்ளும். இன்னொரு பொறியில் சின்ன விளக்கும் மின்விசிறியும் இருக்கும். வெளிச்சம் தேடி வரும் ஈயை விசிறி இழுத்துப் பைக்குள் தள்ளிவிடும். இப்படிப் பிடித்த ஈக்களில் வயிறு சிவந்து உப்பியிருந்த பெண் ஈக்களைத் தனியே பிரித்து, அந்த இரத்தத்தில் இருந்த மரபணுவைப் படித்தார்கள். எந்த விலங்கின் இரத்தம் என்று மரபணு சொல்லிவிடும்.

பெரும்பாலான ஈக்கள் குடித்திருந்தது முயல் இரத்தம்! ஸ்பெயினில் இரண்டு வகை முயல்கள் உண்டு. ஒன்று வளை தோண்டி அதற்குள் வாழ்வது. மற்றது வளை தோண்டாமல் புல்லுக்கிடையில் படுத்திருக்கும் காட்டு முயல். நம் ஊர் வயல்வெளிகளில் சட்டென்று எழுந்து ஓடுமே, அதன் நெருங்கிய உறவு. இரண்டு வகை இரத்தமும் இருந்தது. காட்டு முயலுடையது அதிகம்.

சரி, முயல்தான் காரணம் என்று இப்போதே சொல்லிவிடலாமா? அவசரப்படக் கூடாது. பிரேசில் நாட்டு நகரங்களில் இதே நோயைப் பரப்பும் வேறொரு மணல் ஈ, வீட்டுக் கொல்லையில் இருக்கும் கோழிக்கூண்டைத் தேடி வந்து கோழி இரத்தத்தை வயிறு முட்டக் குடிக்கும். ஆனால் லீஷ்மேனியா பறவைகளின் உடலில் வாழாது. கோழி ஈக்களுக்குச் சோறு போடுகிறது. அவ்வளவுதான், கிருமியைத் தருவதில்லை. ஆக, ஈ ஒரு விலங்கைக் கடித்தது என்பது பாதி விடைதான். அந்த விலங்கிடமிருந்து ஈக்குக் கிருமி தொற்றுமா என்பது மீதிப் பாதி.

அந்த மீதிப் பாதியைத் தேடியவர்கள் மாட்ரிட்டில் உள்ள மூன்றாம் கார்லோஸ் சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள். ரிக்கார்தோ மோலினாவும் அவருடைய குழுவினரும் ஆய்வகத்தில் முட்டையிலிருந்தே வளர்த்த, எந்தக் கிருமியும் இல்லாத மணல் ஈக்களை எடுத்துக்கொண்டார்கள். ஊர் ஓரத்துப் பூங்கா ஒன்றில் பிடித்த காட்டு முயல்களை அவை கடிக்கட்டும் என்று விட்டார்கள். சில நாட்கள் காத்திருந்து, மூன்று மில்லிமீட்டர்கூட இல்லாத அந்த ஈக்களை நுண்ணோக்கியின் கீழ் ஒவ்வொன்றாக அறுத்துக் குடலைப் பார்த்தார்கள். கசையிழையை ஆட்டிக்கொண்டு லீஷ்மேனியா நீந்திக்கொண்டிருந்தது. பார்வைக்கு முழு ஆரோக்கியமாக இருந்த முயல்கள் அவை!

இப்போது நீங்கள் கேட்பீர்கள்: முயல்கள் என்றைக்கும் இருப்பவைதானே, 2009இல் மட்டும் என்ன ஆயிற்று? எனக்கும் இந்தக் கேள்விதான் மிக முக்கியம். ஃபுவென்லாப்ராதாவின் ஓரத்தில், சாகுபடி நின்றுபோன நிலங்களில், அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் பெரிய பசுமைப் பூங்கா ஒன்றை அமைத்திருந்தார்கள். போஸ்கேசுர் என்று அதற்குப் பெயர். மரம் நட்டார்கள், புல் வளர்த்தார்கள், நடைபாதை போட்டார்கள். நல்ல நோக்கத்தோடு செய்த நல்ல வேலை. ஆனால் பூங்காவைச் சுற்றிச் சாலைகளும் ரயில் பாதையும் குடியிருப்புகளும் இருந்தன. அங்கே மாட்டிக்கொண்ட முயல்களால் வெளியே போக முடியவில்லை. அவற்றைப் பிடித்துத் தின்னும் விலங்குகள் உள்ளே வரவில்லை. வேட்டைக்கும் அனுமதி இல்லை. தின்னப் புல் ஏராளம். முயல்கள் பெருகின. முயல் பெருகியதும் மணல் ஈக்கு விருந்து பெருகியது. பூங்காவை ஒட்டியிருந்த வீடுகளில் கோடை இரவுகளில் சன்னலைத் திறந்து வைத்திருந்தவர்களையும், சாயங்காலம் காற்றாட நடக்கப் போனவர்களையும் அந்த ஈக்கள் கடித்தன. மணல் ஈ பெரும்பாலும் சில நூறு மீட்டருக்குள்தான் பறக்கும் என்பதால், பூங்காவுக்கு அருகில் இருந்தவர்களிடையே நோய் அதிகமாக இருந்தது. முயலின் மேல் குற்றம் இல்லை. நிலத்தை மாற்றியவர்கள் மனிதர்கள். அங்கே அடைபட்டு வாழ்ந்தது மட்டுமே முயல் செய்தது.

கொசு ஒழிப்புக்கு நாம் செய்வதை மணல் ஈக்குச் செய்தால் பலன் இருக்காது. டெங்கு வந்தால் பூந்தொட்டித் தட்டிலும் பழைய டயரிலும் தேங்கிய தண்ணீரைக் கொட்டுகிறோம். மணல் ஈ தண்ணீரில் முட்டையிடுவதே இல்லை. ஈரமும் மக்கிய இலையும் சாணமும் கலந்த மண், சுவர் விரிசல், விலங்கு வளை, மாட்டுத் தொழுவத்தின் தரை ஆகிய இடங்களில் இடும். புழு மண்ணுக்குள்ளேயே மக்கியதைத் தின்று வளர்ந்து, ஓரிரு மாதத்தில் ஈயாக வெளிவரும். அத்தனை சிறிய புழுவை அத்தனை மண்ணில் தேடிப் பிடிப்பது, பூச்சியியல் வல்லுநர்களுக்கே பெரும்பாடு. சாதாரணக் கொசுவலையும் போதாது. அதன் கண்களுக்குள் மணல் ஈ நுழைந்துவிடும். கண் நெருக்கமான வலையோ பூச்சிமருந்து ஊட்டிய வலையோ வேண்டும். ஓடுகிற மின்விசிறி நன்றாக உதவும். காற்று என்றால் மணல் ஈக்கு ஆகாது.

ஃபுவென்லாப்ராதாவில் முயல்களைப் பிடித்து எண்ணிக்கையைக் குறைத்தார்கள். பூங்காவிலும் சுற்றுப்புறத்திலும் குப்பையை அகற்றி, ஈ வளரும் இடங்களைச் சுத்தப்படுத்தினார்கள். நோயாளிகள் குறைந்தார்கள். மே முதல் அக்டோபர் வரை மணல் ஈ பறக்கும் மாதங்களில் பொறி வைத்து எண்ணும் வேலையும் தொடர்ந்தது.

நம் நாட்டின் பீகாரில் முயல்களைப் பிடித்திருந்தால் ஒரு பயனும் இருந்திருக்காது. அங்கே காலா அசார் மனிதரிடமிருந்து மனிதருக்கு ஈ வழியாகப் போகிறது; இடையில் முயலோ நாயோ இல்லை. எனவே நோயாளியைச் சீக்கிரம் கண்டுபிடித்துக் குணப்படுத்துவதே ஈக்குக் கிருமி கிடைக்காமல் செய்யும் வழி. விரலில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சில நிமிடங்களில் நோயைக் கண்டறியும் சோதனை இப்போது இருக்கிறது. ஒரே தடவை நரம்பில் ஏற்றும் மருந்தும் இருக்கிறது. கூடவே வீட்டுச் சுவரிலும் தொழுவத்திலும் ஆறடி உயரம் வரை மருந்து தெளிக்கிறார்கள். இரத்தம் குடித்த ஈ அதற்குமேல் ஏறாமல் சுவரின் கீழ்ப்பகுதியிலேயே பெரும்பாலும் ஓய்வெடுக்கும். 1992இல் இந்தியாவில் 77,000 பேருக்கு மேல் வந்த இந்த நோய், 2023இல் ஆயிரத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. வங்கதேசம் அதே 2023இல், காலா அசாரைப் பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற நிலையிலிருந்து நீக்கிய முதல் நாடு என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் ஒப்புதலைப் பெற்றது.

பிரேசிலில் நிலைமை வேறு. 1980களின் தொடக்கத்தில் வறட்சிக்குப் பயந்து கிராமங்களிலிருந்து தெரெசினா நகரத்துக்கு மக்கள் குடிபெயர்ந்தார்கள். நாய்களும் கோழிகளும் கூடவே வந்தன. நகர ஓரத்துப் புதிய வீடுகளில் நோய் பரவியது. அந்நாட்டில் பெரிய நகரம் ஒன்றில் மூண்ட முதல் பெரும் பரவல் அது. அங்கே ஒட்டுண்ணியைச் சுமந்திருந்தது நாய்தான். பல ஆண்டுகள் நோயுள்ள நாய்களைப் பிடித்துக் கொன்றார்கள். கொன்ற இடத்துக்கு மக்கள் புதுக் குட்டியைக் கொண்டுவந்தார்கள். அதற்கும் நோய் வந்தது. தாம் வளர்த்த நாயைக் கொடுத்துவிட்டு நின்ற பிள்ளைகளை நினைத்தால் மனம் கனக்கிறது, அதுவும் நோய் குறையாத நிலையில். இப்போது டெல்டாமெத்ரின் என்ற பூச்சிமருந்து ஊறிய கழுத்துப்பட்டையை நாய்களுக்கு மாட்டுகிறார்கள். மருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து நாயின் தோல் முழுக்கப் பரவும். வந்து உட்காரும் மணல் ஈ கடிக்காமலே விலகிப் போகும், அல்லது செத்து விழும். சில மாதங்களுக்கு ஒரு முறை பட்டையை மாற்ற வேண்டும். நாய் வீட்டிலேயே இருக்கலாம்.